தொலைபேசித் துறையைப் போட்டிக்குத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் 04142-இலிருந்து 0413-க்குப் பேசுவது நெடுங்காலம் எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்புக் கணக்கு. பூத்தில் நின்றுகொண்டு, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே பேச்சைச் சுருக்கியவர்கள் இங்கே ஏராளம். அப்புறம் முன்னால் 0-க்குப் பதில் 95 போட்டு அழைக்கும் முறை வந்தது. இன்று உள்ளூர், வெளியூர் என்ற கணக்கே இல்லை.

இதைத் தொழில்நுட்பம் மட்டும் செய்துவிடவில்லை. அரசின் கையில் இருந்த துறையைப் போட்டிக்குத் திறந்து, விதிகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியதில்தான் இது நடந்தது. அந்தத் திருத்தங்களில் பலவும் முதலிலேயே செய்திருக்க வேண்டியவை. புதுச்சேரியில் மின்துறையைத் தனியாருக்கு விடுவது பற்றி 2020-லிருந்து அறிவிப்பும் போராட்டமுமாக இருக்கிறது. ஆதரிக்கிறவர்களும் சரி, எதிர்க்கிறவர்களும் சரி, தொலைபேசியில் என்ன நடந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உரிமத்தை அரசுக்குப் பணம் கொட்டும் வழியாக மட்டும் பார்த்ததுதான் முதல் தவறு. 1994-இல் வந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாரை உள்ளே விட்டது. மாநில வட்டங்களுக்கு, அதாவது மாநில அளவிலான சேவைப் பகுதிகளுக்கு, ஏலம் நடந்தது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கட்ட முடியாத தொகைக்கெல்லாம் கேட்டன. அந்தச் சுமையோடு தொடங்கிய செல்போன் சேவையில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆனது. வருகிற அழைப்புக்கும் காசு. யார் வாங்குவார்கள்? வாடிக்கையாளர் சேரவில்லை, கம்பெனிகளால் உரிமக் கட்டணமும் கட்ட முடியவில்லை. 1999-இல் புதிய கொள்கை கொண்டுவந்து, ஒட்டுமொத்தத் தொகைக்குப் பதிலாக ஆண்டு வருவாயில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று மாற்றினார்கள். துறை மூச்சுவிட்டது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்த மாற்றத்துக்குள்ளேயே இன்னொரு தவறு ஒளிந்திருந்தது. வருவாய் என்றால் எது? பேச்சுக் கட்டணம் மட்டுமா, வங்கி வட்டியும் வாடகையும் சேர்த்தா? இதைச் சந்தேகம் இல்லாமல் எழுதிவைக்காததால் வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாம் சேரும் என்ற அரசின் விளக்கத்தை ஏற்றது. பழைய பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. தொலைத்தொடர்பு அல்லாத வருமானத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது 2021-இல்தான், அதுவும் இனி வரும் காலத்துக்கு மட்டும். ஒரு வரையறையைச் சரியாக எழுதாததற்கு ஒரு துறை இவ்வளவு விலை கொடுக்கக் கூடாது.

அடுத்தது, ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்தது. கொள்கை வகுப்பது, உரிமம் கொடுப்பது, தொலைபேசி இணைப்பு விற்பது எல்லாமே ஒரே அரசுத் துறை. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைந்ததே 1997 பிப்ரவரியில், அதாவது ஏலம் முடிந்த பிறகு. அதன் அதிகாரம் எதுவரை என்பதே நீதிமன்றத்துக்குப் போனது. 2000-இல் சட்டத்தைத் திருத்தி, வழக்குகளுக்கென்று டிடிசாட் தீர்ப்பாயத்தைத் தனியாக அமைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று சேவைப் பிரிவு பிஎஸ்என்எல் என்ற தனி நிறுவனமானது. நடுவர் முதலில், ஏலம் பிறகு என்பதே சரியான வரிசை. இங்கே அது தலைகீழாக நடந்தது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரு கம்பெனியின் அழைப்பை இன்னொரு கம்பெனி வாங்கிக் கொண்டுசேர்ப்பதற்கான இணைப்பு விதிகளைக் கம்பெனிகளே பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான். பேப்பரில் இது தலைப்புச் செய்தி ஆகாது, ஆனால் போட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடலூர் முதுநகரில் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரி புதிய கம்பெனி சிம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச வேண்டிய படகுக்காரர்கள், ஐஸ் கம்பெனி, லாரி ஓட்டுநர் எல்லோரும் பழைய கம்பெனியில் இருக்கிறார்கள். பழைய கம்பெனி தன் பக்கத்து இணைப்பு வாயில்களைப் போதுமான அளவு கொடுக்காவிட்டால் அவருடைய அழைப்பு போகாது. அவர் யாரைத் திட்டுவார்? புதிய கம்பெனியைத்தான். பழையவர் ஒரு பைசா செலவில்லாமல் ஜெயித்துவிடுவார்.

இது கற்பனை இல்லை. இந்த இணைப்பு வாயில்களில் நெரிசலால் தோற்கும் அழைப்புகள் ஆயிரத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது டிராய் வைத்திருந்த வரம்பு. 2016-இல் புதிய நிறுவனம் ஒன்று நுழைந்தபோது அதைவிடப் பல மடங்கு அழைப்புகள் தோற்றன. மூன்று பழைய நிறுவனங்களுக்குச் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று டிராய் பரிந்துரைத்தது. கேட்ட 30 நாளுக்குள் இணைப்பு ஒப்பந்தம் போட வேண்டும் என்ற விதி 2018-இல்தான் நடைமுறைக்கு வந்தது. திறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து!

இணைப்புக் கட்டணமும் இதோடு சேர்ந்ததுதான். அழைப்பவரே காசு கொடுப்பார் என்ற முறை 2003-இல் வந்ததும் வருகிற அழைப்பு இலவசமானது. ஆட்டோ ஓட்டுநரும் கொத்தனாரும் தைரியமாகப் போன் வாங்கியது அப்போதுதான். மிஸ்டு கால் கொடுத்தே வேலை முடித்தவர்கள் எத்தனையோ பேர். அடுத்தவர் அழைப்பைக் கொண்டுசேர்க்க ஒரு கம்பெனி வாங்கும் கட்டணம் 2017-இல் நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகி, 2021 ஜனவரி 1 முதல் இல்லாமலே போனது. பெரிய நிறுவனத்துக்கு அது வருமானம், சின்ன நிறுவனத்துக்குச் செலவு. அதனால் இதை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது ஆணையம் வெளிப்படையாகக் கணக்குக் காட்டி எடுக்க வேண்டிய முடிவு.

எண்ணை வாடிக்கையாளருக்குச் சொந்தமாக்காமல் தள்ளிப்போட்டதையும் சொல்ல வேண்டும். கடைப் பலகை, விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் எண்ணை அச்சடித்தவர் சேவை மோசம் என்பதற்காக எப்படி மாறுவார்? 1900-க்கு ‘போர்ட்’ என்று குறுஞ்செய்தி அனுப்பி, எண்ணோடு மாறும் வசதி நாடு முழுவதும் வந்தது 2011 ஜனவரி 20 அன்று. முதல் செல்போன் அழைப்புக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

லாபம் வராத ஊர்களுக்கென்று நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் வசூலித்து நிதி வைத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் வசூலான அளவுக்குச் செலவாகவில்லை. நிதி இருந்தால் போதாது. எந்த ஊருக்கு எந்தத் தேதிக்குள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கம்பெனிகளின் எண்ணிக்கையைப் போட்டி என்று நினைப்பது. 2008-இல் 2001-ஆம் ஆண்டு விலைக்கே, முதலில் வந்தவருக்கு முதலில் என்று உரிமங்களை அள்ளிக் கொடுத்தார்கள். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. பிறகு கட்டணப் போரில் ஒவ்வொருவராக வெளியேற, இன்று மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும்தான் மிச்சம். 2024 ஜூலையில் மூன்று தனியாரும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றியபோது வாடிக்கையாளருக்குப் போக அதிக இடமில்லை.

வெளியேறும் விதியும் இங்கேதான் முக்கியம். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு வட்டத்தில் ஏர்செல் சிக்னல் திடீரென்று போனது. புதுச்சேரியும் இந்த வட்டம்தான். எண்ணை மாற்றிக்கொள்ளக் குறியீடு வாங்க வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி வருவதற்கே சிக்னல் வேண்டும். வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த எண்ணோடுதான் இருந்தன. ஒரு நிறுவனம் மூடும் நிலைக்கு வந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதுவரை சிக்னலுக்கு யார் பொறுப்பு, ப்ரீபெய்டு இருப்பு எப்படித் திரும்பும் என்பதெல்லாம் உரிமம் கொடுக்கும் அன்றே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதற்கான பிணைத்தொகையையும் அன்றே வாங்கிவிட வேண்டும். மூடும் நாளில் அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்க எதுவும் இருக்காது.