செயற்கைக்கோள் படத்தில் நம் வயலைப் பார்ப்பது எப்படி? ராமநாதபுரம் கடலோரத்துக்கு ஒரு செய்முறை

எங்கள் நிலம் திருப்பாலைக்குடிக்கு மேற்கே இருக்கிறது. கண்மாய்க்கு அடியில் கொஞ்சம், கடற்கரைப் பக்கம் கொஞ்சம் என்று நாலு துண்டாகக் கிடக்கிறது. புரட்டாசியில் புழுதி விதைப்பு முடித்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்போம். மழை நடுவில் இரண்டு வாரம் நின்றுபோனால் எந்தத் துண்டு முதலில் வாடும், தண்ணீரை எங்கே முதலில் திருப்புவது என்று ஒவ்வொரு வருஷமும் தவிப்போம். அதற்காகத்தான் செயற்கைக்கோள் படம் பார்க்கப் பழகினேன். காசு செலவில்லை. ஒரு கணினியும் இணையமும் போதும்.

முதலில் கணக்கு

இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்திசு திருப்பி அனுப்பிவிடும். செடி வாட வாட, சிவப்பு அதிகமாகத் திரும்பி வரும், அகச்சிவப்பு குறையும். இந்த இரண்டையும் ஒரே எண்ணாக்குவதுதான் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு.

அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழியுங்கள். வந்ததை, இரண்டையும் கூட்டிய தொகையால் வகுங்கள். செழிப்பான நெல்லில் பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்கு அகச்சிவப்பில் 0.45, சிவப்பில் 0.05 என்று வைத்துக்கொள்வோம்: 0.40-ஐ 0.50-ஆல் வகுத்தால் 0.8. அதே நெல் வாடி, 0.30-உம் 0.10-உம் ஆனால் விடை 0.5. வெறும் மணல் 0.1-ஐ ஒட்டி நிற்கும். தண்ணீர் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதனால் தண்ணீர் கட்டிய இளநாற்று வயல் குறைந்த எண் காட்டினால் பதற வேண்டாம்.

படி 1: படத்தைத் திறப்பது

கூகுளில் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்று தேடித் திறந்து, இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். தேடும் இடத்தில் ஊர்ப்பெயரைக் கொடுங்கள். படவகையில் சென்டினல்-2, அதில் எல்2ஏ என்பதைத் தேர்வு செய்யுங்கள். காற்றுமண்டலத்தால் வரும் மாற்றத்தைக் கழித்துத் தரும் வகை அது. இந்த வரிசையின் முதல் செயற்கைக்கோளை ஐரோப்பிய விண்வெளி முகமை 2015-இல் ஏவியது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல், காலை பத்தரை மணி வாக்கில், கடந்து போகின்றன.

ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது பிக்சல் கிடைக்கும்.

படி 2: மேகம்

நமக்குப் பயிர்க்காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதால் ஐப்பசி, கார்த்திகையில் பாதிப் படம் மேகமாகவே இருக்கும். முதலில் இயல்பு நிறப் படத்தைப் பாருங்கள். உங்கள் வயல் மேல் மேகமோ அதன் நிழலோ இருந்தால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள். மெல்லிய பஞ்சு மேகம்கூட எண்ணைக் குறைத்துக் காட்டும்.

படி 3: கோடைப் படத்தில் தொடங்குங்கள்

நம் மாவட்டத்துக்கு இதுதான் மிக முக்கியமான படி. வெளியூர்க்காரர்கள் எழுதும் செய்முறைகளில் நான் பார்த்ததில்லை. ராமநாதபுரத்தில் பச்சை என்றால் பாதி சீமைக்கருவேலம். ஆழமாக வேர் விடும் மரம் அது. சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். வரப்பில் ஒரு வரிசை இருந்தாலே ஓரத்துப் பிக்சல்களில் அதன் பச்சையும் கலந்துவிடும். பயிர் காய்ந்து கிடக்க, படம் 0.5 காட்டும்.

ஆகவே சித்திரை, வைகாசியில் மேகமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து பட்டியலில் என்.டி.வி.ஐ. அடுக்கைத் திறவுங்கள். நிலம் வெறுமையாகக் கிடக்கும் அந்த நாளில் பச்சையாகத் தெரிவதெல்லாம் கருவேலமும் தென்னையும் பனந்தோப்பும்தான். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பரப்பு வரையும் கருவியால் உங்கள் வயலை வரையுங்கள். வரப்பிலிருந்து ஒரு பிக்சலாவது, முடிந்தால் இரண்டு பிக்சல், உள்ளே தள்ளி வரையுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த எண்ணை நான் நம்புவதில்லை.

படி 4: அதே வயலை அதனோடேயே ஒப்பிடுங்கள்

பரப்பை வரைந்ததும் அதன் அருகில் வரும் கோட்டு வரைபடக் குறியை அழுத்தினால் நாள்வாரியாக எண்கள் ஒரு கோடாக வரும். 0.6 நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. போன வருஷம் இதே வாரத்தில் எவ்வளவு, அதே நாளில் விதைத்த பக்கத்து வயலில் எவ்வளவு என்று பாருங்கள். மார்கழி கடைசியில் கதிர் முற்றும்போது கோடு தானாகவே இறங்கும், அது நோயல்ல. பக்கத்து வயல் ஏறிக்கொண்டிருக்க உங்களுடையது மட்டும் இறங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

முண்டு மிளகாய் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செடிக்குச் செடி இடைவெளி இருப்பதால் மண்ணும் சேர்ந்து பதிவாகும். மழையில் நனைந்த மண் கருத்துவிடும். செடி கொஞ்சமும் வளராமலே எண் உயரும். மண்ணின் பாதிப்பைக் குறைக்க எஸ்.ஏ.வி.ஐ. என்ற குறியீடு உண்டு: கழித்து வந்த விடையை 1.5-ஆல் பெருக்கி, கூட்டுத்தொகையோடு 0.5 சேர்த்து வகுக்க வேண்டும். செடி சிறிதாக இருக்கும் மாதங்களில் அதுவே மேல்.

காரங்காடு பக்கம் அலையாத்திக் காட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓதத்தையும், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதையும், கணக்கில் எடுங்கள். தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் காடு மெலிந்ததுபோல் தெரியும்.

படி 5: ஈரப்பத அடுக்கு

என்.டி.வி.ஐ. இருக்கும் அதே பட்டியலில், இலையில் உள்ள நீரைக் காட்டும் ஈரப்பதக் குறியீடும் இருக்கிறது. இதன் பிக்சல் 20 மீட்டர், அதாவது பத்து சென்ட். சின்ன வயலுக்குப் பெரிதாக உதவாது.

படி 6: நடந்து போய்ப் பாருங்கள்

எண் இறங்கினால் இடம் தெரியும், காரணம் தெரியாது. எங்கள் கடற்கரைத் துண்டின் கிழக்கு மூலை ஒரு கார்த்திகையில் இரண்டு படங்களில் தொடர்ந்து இறங்கியது. தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைத்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வயலில் ஈரம் இருந்தது. அப்பா குனிந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உவர் ஏறிடுச்சுப்பா" என்றார்.

உரம் போட வைத்திருந்ததை நிறுத்தினோம். அடுத்த மழைக்குக் கண்மாய் நிறைந்ததும் நல்ல தண்ணீரை அந்த மூலையில் கட்டி, வடித்துவிட்டோம். இப்போது புதுப் படம் வந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.