கிரைண்டர் எங்கே என்று கேட்கிற டிசைனர்

மேடவாக்கத்தில் நாங்கள் வாங்கிய இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கு முதலில் வந்த டிசைனர், அரை மணி நேரத்தில் ஒரு 3டி படம் காட்டினார். வெள்ளையும் சாம்பலுமாக அடுப்படி. மேடைமேல் ஒரு பூச்சாடி, மூன்று எலுமிச்சம்பழம். என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல கிரைண்டர் எங்கப்பா?” என்றார். “யூட்டிலிட்டியில வச்சுக்கலாம் ஆன்ட்டி” என்று பதில் வந்தது. அங்கே வாஷிங் மெஷின் வைத்தால் ஆள் திரும்பவே இடமில்லை. அன்றைக்கே அவரை அனுப்பியிருக்க வேண்டும். படத்தின் அழகில் மயங்கி 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். இரண்டு மாதம் இழுத்தடித்துப் பிரிந்தபோது திரும்பி வந்தது 15,000.

இரண்டாவதாக வந்த பெண் படமே காட்டவில்லை. சிலிண்டர் உள்ளேயா வெளியேயா, புடவைகளை மடித்து வைப்பீர்களா தொங்க விடுவீர்களா, கொலுப் படியை வருஷம் முழுக்க எங்கே வைக்கிறீர்கள் என்று கேள்வியாகக் கேட்டார். அவரிடமே வேலையைக் கொடுத்தோம். முதல் முறை டிசைனர் தேடுகிறவர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, இப்போது இருக்கும் வீட்டைச் சுற்றி வாருங்கள். கிரைண்டர், இட்லிப் பானை, பெரிய சூட்கேஸ், அரிசி டிரம் எல்லாவற்றின் உயரமும் அகலமும் ஒரு நோட்டில் ஏறட்டும். பூஜை அலமாரியில் தினமும் விளக்கேற்றுவீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். விளக்குக்கு மேல் தட்டு தாழ்வாக வந்தால் ஆறே மாதத்தில் கரி பிடிக்கும். எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதை வீட்டுக்குள் பேசி முடித்துவிடுங்கள். டிசைனர் முன்னால் கணவனும் மனைவியும் வெவ்வேறு தொகை சொன்னால், பெரிய தொகைக்குத்தான் கொட்டேஷன் வரும்.

ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று போட்டுக்கொள்ள அப்படி ஒரு கட்டாயப் பதிவு கிடையாது. அதனால் அவர் செய்து கொடுத்த வீட்டை நேரில் பார்ப்பதுதான் வழி. போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார்கள், அது எப்படியும் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் கேளுங்கள். போனதும் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து பாருங்கள். பலகை உப்பியிருக்கிறதா, ஓரப் பட்டை பிரிந்திருக்கிறதா, ஈர வாடை வருகிறதா என்று அந்த ஓர் இடமே சொல்லிவிடும். அந்த வீட்டு அம்மாவிடம், வேலை முடிந்தபின் கூப்பிட்டால் வந்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கொட்டேஷன். உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டியது இதுதான்.

அலமாரிக்குச் சதுர அடி விலை போடுவார்கள். எதன் சதுர அடி என்று கேளுங்கள். பெரும்பாலும் முன்பக்கத்து அகலமும் உயரமும். எங்கள் வார்ட்ரோப் 7 அடிக்கு 7 அடி, அதாவது 49 சதுர அடி. 1,400 ரூபாய் வீதம் 68,600. மேலே 2 அடி லாஃப்ட் சேர்ந்ததும் 63 சதுர அடி, 88,200. முதல் கொட்டேஷனில் லாஃப்ட் வேறு பக்கத்தில் தனியாக இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை.

‘நல்ல தரமான பிளைவுட்’ என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பிராண்டு, கிரேடு, எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்றும் இருக்க வேண்டும். ஐஎஸ் என்பது இந்தியத் தர எண். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பலகை, படுக்கையறைக்குச் சாதாரண பிளைவுட்டுக்கான ஐஎஸ் 303 போதும். ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற வார்த்தையை அடிக்கச் சொல்லுங்கள். பலகை வந்து இறங்குகிற அன்று லீவு போட்டாவது சைட்டில் நின்று முத்திரையைப் போட்டோ எடுங்கள். மேலே லேமினேட் என்ற வண்ணத் தகட்டை ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசாரிக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

‘மாடுலர் கிச்சன் 1 செட்’ என்றும் ஒரு வரி வரும். எத்தனை டிராயர், டிராயர் ஓடும் சேனல் என்ன கம்பெனி, கீல் மெதுவாக மூடும் வகையா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். விலையை ஏற்றுவது டிராயர்கள்தான். கிரானைட், சிங்க், சிம்னி, புது பிளக் பாயின்ட், குப்பை அள்ளும் கூலி இதெல்லாம் உள்ளே அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசியில் ஜிஎஸ்டி 18 சதவீதம் நிற்கும். 8 லட்சம் என்று பேசினால் அதுவே 1,44,000.

பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல், வேலைக் கணக்கில் கொடுங்கள். நாங்கள் வரைபடத்துக்கு 10 சதவீதம், பலகை இறங்கியதும் 40, பெட்டிகள் சுவரில் ஏறியதும் 40, எல்லாக் குறையும் சரிசெய்த பிறகு மீதி 10 என்று எழுதி வாங்கினோம். அந்தக் கடைசிப் பத்துக்காகத்தான் போனை எடுப்பார்கள்.

மின்சாரப் பாயின்ட் வரைபடத்தை ஆசாரி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் ஒரே பிளக் என்றால் வாழ்நாள் முழுக்கச் சண்டை. அசோசியேஷனில் டிரில் போட எந்த நேரம் அனுமதி, ஞாயிறு உண்டா என்பதையும் விசாரித்து டிசைனரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாமதத்துக்கு அதுவே காரணமாகிவிடும். ஃபால்ஸ் சீலிங் வேண்டுமா என்றால், என் கணக்கில் ஹாலுக்கு வேண்டாம். உயரம் போகும், ஒட்டடை சேரும். என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று அவர் அறையில் மட்டும் போட்டோம்.

ஒப்படைக்கும் நாளில் ஒரு மாஸ்கிங் டேப் சுருளோடு போங்கள். இடிக்கிற கதவு, கீறல், திக்கும் டிராயர் எதைக் கண்டாலும் ஒரு துண்டு ஒட்டி எண் போடுங்கள். எங்கள் வீட்டில் 31 துண்டு ஒட்டினோம். மீந்த லேமினேட்டில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் அதன் கோட் எண்ணை எழுதி லாஃப்டில் போட்டு வையுங்கள். போன தீபாவளிக்கு என் பையன் கிச்சன் கதவில் மத்தாப்பு வைத்தபோது அதைத்தான் தேடி எடுத்தோம்.