தண்ணீர் தரமாட்டேன் என்றால் எழுதிக் கேளுங்கள்

மேலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் சித்திரை வந்தால் குழாயில் காற்றுதான் வரும், பெரிய வீட்டுத் தொட்டி மட்டும் நிரம்பி வழியும். சண்டை வேண்டாம். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1) என்று மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் (நீதிமன்றக் கட்டண வில்லை) ஒட்டி, ஊராட்சி ஒன்றியப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பிவிட்டுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்டால் மழுப்புவார்கள். "எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள், மொத்தம் எத்தனை இணைப்பு, பதிவேட்டு நகல் கொடுங்கள்" என்று ஆவணமாகக் கேட்கணும். 30 நாளில் பதில் இல்லையா, அடுத்த 30 நாளுக்குள் அதே சட்டத்தின் பிரிவு 19(1)-இல் மேல்முறையீடு. அப்புறம் கிடைத்த பதிவேட்டு நகலோடு கிராம சபைக்குப் போங்கள், தனியாக அல்ல, குடம் தூக்கும் பெண்கள் பத்துப் பேரோடு. பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள், நாங்கள் ஒருமுறை போட்டுவிட்டு முழித்தோம்.