தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டும் முறை: பூச்சுக்குப் பின்னால் இருக்கும் பிடிமானம்

சுவரில் மாட்டிய தொலைக்காட்சி கீழே விழும்போது பிராக்கெட் முறிந்து விழுவது அரிது. சுவருக்குள் இருக்கும் பிளக் (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் விரியும் உறை) உருவிக்கொண்டு வருவதே பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே எந்தப் பிராக்கெட்டை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், நம் சுவர் எதனால் ஆனது, அதன் பூச்சு எத்தனை கனம் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். கெட்டியான, மந்தமான ஓசை செங்கல்லையோ கான்கிரீட்டையோ குறிக்கும். மேளம்போல் அதிர்ந்தால் அது ஜிப்சம் பலகைத் தடுப்பாக இருக்கலாம். இதைவிட நம்பகமானது ஒரு சோதனைத் துளை. தொலைக்காட்சி மறைத்துவிடும் இடமாகப் பார்த்து, 5 மி.மீ. பிட்டால் சுத்தியல் விசை இல்லாமல் மெதுவாகத் துளையிட்டு, கீழே கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தூள் வரும். அது சிவப்பாக மாறும் நொடியில் பிட் பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்தி, துளைக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழத்தை அளந்தால் பூச்சின் கனம் கிடைத்துவிடும். அது பொதுவாக 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்ததுபோல் உள்ளே போனால், அது உள்ளீடற்ற கல் அல்லது பலகைச் சுவர்.

பிராக்கெட்டுகளில் சுவரோடு ஒட்டி நிற்பது, மேலும் கீழும் சாய்வது, கைபோல் நீண்டு திரும்புவது என மூன்று வகை உண்டு. மூன்றாவது வகை பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும் சுவரைச் சோதிப்பதும் அதுதான். 20 கிலோ எடையுள்ள தொலைக்காட்சியைச் சுவரிலிருந்து 50 செ.மீ. வெளியே இழுத்து நிறுத்துவதாகவும், பிராக்கெட்டின் மேல் திருகுகளுக்கும் கீழ்த் திருகுகளுக்கும் இடையே 20 செ.மீ. இருப்பதாகவும் கொண்டால், மேல் திருகுகளை வெளியே பிடுங்கும் விசை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமம். அதே தொலைக்காட்சி சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நின்றால் அந்த விசை 5 கிலோ அளவிலேயே அடங்கிவிடும். அறையின் இரண்டு மூலைகளிலிருந்தும் பார்த்தே ஆக வேண்டும் என்ற தேவை இல்லாவிட்டால், ஒட்டி நிற்கும் வகையே போதும் என்பது என் கருத்து. எதை வாங்கினாலும், அது தாங்கும் எடையையும், தொலைக்காட்சியின் பின்புறத் துளைகளின் இடைவெளியையும் (200×200, 400×400 மி.மீ. என்று குறிக்கப்படும் வெசா அளவு) சரிபார்க்க வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை, இருக்கையில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வருமாறு, அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 100 முதல் 110 செ.மீ. வரை, வைத்தால் கழுத்து வலிக்காது. சுவிட்சுப் பெட்டிக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும், அவற்றின் பக்கவாட்டு நேர்கோட்டிலும் மின்கம்பிக் குழாய் ஓடக்கூடும் என்பதால் அந்தக் கோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். துளையிடும் சுவரில் ஓடும் இணைப்புகளுக்கான மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். குளியலறையையோ சமையலறையையோ ஒட்டிய சுவரானால் தண்ணீர்க் குழாயையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குறியிடும்போது பிராக்கெட்டைச் சுவரில் வைத்து ரசமட்டத்தால் சரிபார்த்த பிறகே பென்சிலைத் தொடுங்கள். கூரையோ சன்னல் சட்டமோ கிடைமட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பி அளந்தவர்களின் தொலைக்காட்சிதான் கோணலாகத் தொங்குகிறது. குறி இரண்டு செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து இணைப்பில் விழுந்தால், பிராக்கெட்டின் வேறொரு துளையைப் பயன்படுத்திச் செங்கல்லின் உடலுக்கு நகர்த்துங்கள்.

அடுத்தது ஆழக் கணக்கு. பிராக்கெட் தகடு 3 மி.மீ., பூச்சு 15 மி.மீ., பிளக் 50 மி.மீ., பிளக்கின் நுனியைத் தாண்டத் திருகுக்கு இன்னும் சில மி.மீ. என்று கூட்டினால் 80 மி.மீ. திருகு தேவைப்படும், துளை 85 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பிட்டில் அந்த அளவில் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. பிளக்கைப் பூச்சின் மட்டத்தோடு நிறுத்திவிடுவது மிகப் பரவலான பிழை. நானும் ஒருமுறை அப்படி நிறுத்தினேன். திருகை இறுக்கியதும் பிளக் விரிந்து, துளையைச் சுற்றியிருந்த பூச்சு வட்டமாகப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. திருகைப் பிளக்கில் இரண்டு சுற்று செலுத்தி, அதன் தலையை மெல்லத் தட்டிப் பிளக்கைச் செங்கல்லுக்குள் இறக்க வேண்டும். அதற்கு முன் துளையிலுள்ள தூளை ஊதி வெளியேற்றுவது கட்டாயம், ஏனெனில் தூள் படிந்த துளையில் பிளக் வழுக்கும். அரைக்கல் கனமுள்ள (ஒரு செங்கல்லின் அகலமே கனமாக உள்ள) சுவரில் சுத்தியல் விசையைக் குறைத்தே துளையிட வேண்டும், இல்லையெனில் மறுபக்கத்துப் பூச்சு உதிரும்.

உள்ளீடற்ற கல்லில் சாதாரண பிளக் நிற்காது; உள்ளே போய் இறக்கை விரியும் டாகிள் போல்ட்டையோ, வலையுறையில் செலுத்தினால் பசைபோல் இறுகித் திருகைப் பிடிக்கும் ரசாயன ஆங்கரையோ பயன்படுத்த வேண்டும். ஜிப்சம் பலகை மட்டும் எடையைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அதன் பின்னால் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும் உள்சட்டங்களைத் தேடுங்கள். சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால், சட்டத்தில் பலகையை அறைந்த திருகுகளின்மீது அது ஒட்டிக்கொள்ளும். சட்டமும் பிராக்கெட் துளையும் ஒத்துவராவிட்டால், 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டு சட்டங்களில் பிணைத்து அதன்மேல் பிராக்கெட்டைப் பொருத்தலாம்.

திருகை இறுக்கும்போது முடிவில் கைக்கு எதிர்விசை தெரிய வேண்டும். எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே போனால் பிளக்கும் கூடவே சுழல்கிறது. அந்தத் துளையைக் கைவிட்டுவிடுங்கள். தகட்டைப் பொருத்தியதும், தொலைக்காட்சியை ஏற்றுவதற்கு முன், அதை இரு கைகளாலும் பிடித்துக் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் பலமாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் காரணத்தைக் கண்டறியாமல் மேலே போகக்கூடாது.

தொலைக்காட்சியின் பின்புறத்தில் போடும் திருகு கையால் தடையின்றி ஏற வேண்டும். அளவுக்கு மீறி நீண்ட திருகு உள்ளேயிருக்கும் சர்க்யூட்டைக் குத்திவிடும். நீளம் மிஞ்சினால் பெட்டியோடு வரும் ஸ்பேசரை (இடைவெளியை நிரப்பும் சிறு வளையத்தை) இடையில் போடுங்கள். ஏற்றுவதற்கு இருவர் வேண்டும், திரையை அழுத்தாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். கொக்கிகள் தகட்டில் அமர்ந்த பிறகும் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க, மற்றவர் கீழேயுள்ள பூட்டுத் திருகை முடுக்கட்டும். அந்தத் திருகைப் போடாமல் விட்டால், பின்னால் கேபிளைச் செருகத் திரையைச் சற்றுத் தூக்கும்போதே கொக்கி கழன்றுவிடும்.