ஹெச்பிவி ரிப்போர்ட்டை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் முடிவை விளக்கிச் சொல்வது என் வேலை. அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசுவதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டால், அன்று நான் உளறியதே மறுபடி காதில் விழுகிறது. பெயரை மாற்றிக் கூப்பிடுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

"யாரிடமிருந்து வந்தது?" என்பதற்குப் பதில் சொல்வது

ஆரம்ப நாட்களில் ஒரு பெண்ணிடம், "இது உடலுறவில் பரவும் வைரஸ்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். சொன்னதில் பிழை இல்லை, நிறுத்தியதுதான் பிழை. அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து மூடினார். "அப்போ, அவர்தானா?" என்றார். "இருக்கலாம்" என்றேன். அடுத்த பரிசோதனைக்கு அவர் வரவே இல்லை.

அந்த "இருக்கலாம்" இன்றும் உறுத்துகிறது. வேறு யார் வாயிலிருந்து வந்தாலும் எரிச்சலாக இருக்கிறது. வைரஸ் இருக்கிறதா என்பதை மட்டும்தான் டெஸ்ட் சொல்லும்; எப்போது வந்தது, யார் மூலம் வந்தது என்று சொல்லாது. பல வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு இப்போது தென்பட்டிருக்கலாம். இருவரில் யாருடைய பழைய உறவிலிருந்தும் வந்திருக்கலாம். முழு உடலுறவுகூடத் தேவையில்லை, பிறப்புறுப்புப் பகுதியில் தோலோடு தோல் உரசினாலே பரவும். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது என்பதற்குக் காரணம் இதுதான். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை வந்து போகிற வைரஸ் இது. இவ்வளவையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்ட பிறகு சொன்னால் யாருக்கோ வக்காலத்து வாங்குவது போல இருக்கும்.

பாசிட்டிவ் என்றதும் முகத்தைத் தொங்கப் போடுவது

ஹெச்பிவியின் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளில் புற்றுநோயோடு தொடர்புள்ளவை ஒரு டஜன் சொச்சம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். அவை வந்தாலும் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடலே துரத்திவிடும். போகாமல் தங்குவதுதான் ஆபத்து. தங்கிய வைரஸின் இ6, இ7 என்ற புரதங்கள், செல் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் புரதங்களை முடக்கிவிடும். அப்புறமும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 வருடம் ஆகும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10 வருடமே போதும். அந்த இடைவெளியில் பிடித்தால், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்திலேயே நீக்கிவிடலாம். மறுபடி வராமல் போன அந்தப் பெண் விஷயத்தில் நான் தவறவிட்டது அந்த இடைவெளியை.

மருவைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயமுறுத்துவது

பிறப்புறுப்பு மரு பெரும்பாலும் 6, 11 வகைகளின் வேலை. அது வேறு கணக்கு.

"கணவருக்கும் டெஸ்ட் எடுங்கள்" என்பது

ஆண்களுக்கு வழக்கமான ஹெச்பிவி பரிசோதனை கிடையாது. ஆனால் தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய்களிலும் இந்த வைரஸுக்குப் பங்குண்டு. அதை அவரிடமும் சொல்லுங்கள்.

தடுப்பூசி போட்டாச்சு, பரிசோதனை வேண்டாம் என்பது

வேண்டும். ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை ஊசி விரட்டாது, எல்லா வகைகளையும் தடுக்கவும் தடுக்காது.