பக்கத்துல பைலிங் அடிக்கிறாங்களா? சுவத்தை விடுங்க, உடம்பை பாருங்க

பக்கத்து மனைல பைலிங் மெஷின், அதாவது அஸ்திவாரத்துக்கு நீளத் தூணை மண்ணுக்குள்ள அடிச்சு இறக்கற மெஷின், வந்து நின்னதும் நான் மொதல்ல செஞ்சது டார்ச் அடிச்சு மூலை மூலையா விரிசல் தேடினதுதான். ஒரு கீறல் கூட இல்ல. ஆனா நாலு நாளா தலைவலி, அரைகுறை தூக்கம், வீட்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறேன். சுவரு தப்பிச்சிடுச்சு, மாட்டிக்கிட்டது நான்.

இதுக்கு கணக்கே இருக்கு. பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 5228 படி வீட்டுக்குள்ள அதிர்வு வினாடிக்கு 0.3 மில்லிமீட்டர் வந்தாலே நமக்கு தெரிய ஆரம்பிச்சிடும், 1 வந்தா புகார் கெளம்பும், 10 வந்தா கொஞ்ச நேரத்துக்கு மேல யாராலயும் தாங்க முடியாது. ஆனா சாதாரண வீட்டு பிளாஸ்டர்ல மயிரிழை விரிசல் விழறதுக்கு பிஎஸ் 7385 போட்டிருக்கற அளவே 15ல தான் ஆரம்பிக்குது. அதனால கட்டில் ஆடுதுன்னு வீடு இடிஞ்சிடும்னு பயப்படவும் வேணாம், "விரிசல் இல்லையே சார், அப்புறம் என்ன"ன்னு சைட்ல சொன்னா மண்டைய ஆட்டிட்டு வரவும் வேணாம்.

முதல் வேலை, ஆடறது தரையா இல்ல சாமானான்னு பிரிச்சு பாருங்க. ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி தரையில வைங்க, டேபிள் மேல வேணாம், அது தானாவே ஆடும். தண்ணில தெரியற லைட்டோட பிம்பம் நடுங்குச்சுன்னா தரை ஆடுது. பல நேரம் நம்மள படுத்தறது ஜன்னல் கண்ணாடியும் அலமாரி பாத்திரமும் கிடுகிடுன்னு போடற சத்தம்தான், இடுக்குல மடிச்ச துணியோ ரப்பரோ சொருகினா பாதி நிம்மதி. கட்டில் ரூம் நடுவுல இருந்தா சுவரோரமா தள்ளிப் போடுங்க, ஸ்லாப் நடுவுலதான் ஆட்டம் ஜாஸ்தி.

அடுத்து ஒரு நோட்டு. "காலை 7.10, பைலிங், 20 நிமிஷம், தண்ணி நடுங்குச்சு. ராத்திரி 11.30, ரோலர், பாப்பா முழிச்சிக்கிட்டா." இவ்ளோ போதும். இதை எடுத்துக்கிட்டு சைட் இன்ஜினியர்கிட்ட போங்க, சண்டை போடாம இதை மட்டும் கேளுங்க: பெரிய அடி எத்தனை மணிக்குன்னு முன்னாடியே சொல்வீங்களா, வீட்டுக்கு கிட்ட வரும்போது ரோலர்ல வைப்ரேஷனை ஆஃப் பண்ணி ஓட்ட முடியுமா, அடிச்சு இறக்கற பைலுக்கு பதிலா துளை போட்டு இறக்கற பைல் முடியாதா, அதிர்வு மீட்டர் வச்சிருக்கீங்களா. முன்கூட்டியே சொல்லிட்டா, புகார் கெளம்பற அந்த வினாடிக்கு 1 மில்லிமீட்டரை ஜனங்க பொறுத்துக்குவாங்கன்னு அதே பிஎஸ் 5228 சொல்லுது, அதனால முதல் கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க. வாரக்கணக்கா தூக்கம் கெட்டா டாக்டரை பாருங்க, நோட்டையும் கொண்டு போங்க.

இது சைட்டுக்கு வெளிய இருக்கற நம்ம கதை. கான்கிரீட்டை உடைக்கற பிரேக்கர் மெஷினை கையில பிடிச்சிருக்கறவர் நிலைமைதான் நிஜமாவே மோசம். 1918லயே டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அமெரிக்காவுல இண்டியானா பக்கம் சுண்ணாம்புக்கல் செதுக்கறவங்களுக்கு குளிர்ல விரல் வெள்ளையா மரத்துப் போறதை எழுதி வச்சிட்டாங்க. கைக்கு வர்ற அதிர்வை வேற அளவுல, முடுக்கமா அளப்பாங்க. ஐரோப்பாவுல இப்போ 8 மணி நேர சராசரி 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 5ஐ தாண்டவே கூடாது. கணக்கு போட்டு பாருங்க, 10 அளவுல அதிர்ற பிரேக்கர்னா அரை மணி நேரத்துல முதல் கோடு, 2 மணி நேரத்துல கடைசி கோடு. அதுவும் ட்ரிக்கரை அழுத்தற நேரம் மட்டும், நடுவுல நிக்கற நேரம் சேராது. ஆளு மாத்தி மாத்தி பிடிங்க, மொட்டையான உளியை உடனே மாத்துங்க, இறுக்கி பிடிக்காம மெஷின் எடைக்கே விடுங்க. அதிர்வைத் தடுக்கற கிளவுஸ்னு விக்கறதை பெருசா நம்பாதீங்க, கை சூடா இருக்கும், அவ்ளோதான். புகை பிடிக்கறவங்களுக்கு விரல்ல ரத்த ஓட்டம் ஏற்கனவே கம்மி.

வேலை முடிஞ்சு கையில சுருசுருன்னு ஒரு கூச்சம் இருக்கும், அது கொஞ்ச நேரத்துல போயிடும்னு விட்டுடறாங்க. அது ராத்திரியும் எழுப்புச்சுன்னாலோ, சட்டை பட்டன் போட தடுமாறினாலோ, ஒரு விரல் நுனி மட்டும் வெளுத்தாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. எந்த மெஷின், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருஷமான்னு நீங்களே சொல்லணும், இல்லேன்னா கழுத்துல இருந்து வர்ற மரத்துப்போறதுன்னு நினைச்சு குடுக்கற கழுத்து வலி மாத்திரையோட திரும்பி வருவீங்க.