மாற்றியமைத்த பெட்ரோல் பிக்-அப் எஞ்சினை டியூன் செய்யும் முறை

எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக்கி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் ஏற்றம் கூடியதாக மாற்றிய பிக்-அப் முதன்முறை கிளம்பும்போது, புகைபோக்கியில் பெட்ரோல் வாடையும் தடுமாறும் ஐடிலிங்கும் இருப்பது வழக்கம். அது எஞ்சினின் குறை அன்று. ஈசியு, அதாவது எஞ்சினை இயக்கும் கணினி, எரிபொருளை அளந்து ஊற்றுவதில்லை; இன்ஜெக்டரின் கொள்ளளவு இவ்வளவு, உள்ளே வரும் காற்று இவ்வளவு என்று தன்னிடமுள்ள எண்களை நம்பி, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் கட்டளையிடுகிறது. பாகங்கள் மாறியும் எண்கள் மாறாததால் வரும் தொல்லை அது. எனவே, ஓர் எண்ணில் உள்ள பிழையை வேறோர் எண்ணைத் திரித்து மறைக்காமல், ஒவ்வோர் எண்ணையும் அதனதன் உண்மைக்குக் கொண்டுவருவதே டியூனிங். சிங்கப்பூரில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை டீசல். அவற்றுக்கு இம்முறை பொருந்தாது. இங்கே சொல்வது, மேனிஃபோல்டு எனும் உள்காற்றுக் குழாயின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் பெட்ரோல் எஞ்சின்களுக்கானது.

பொதுச் சாலையில் ஓடும் வண்டியானால், எந்தெந்த மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதை ஸ்பேனரைத் தொடுமுன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். பத்தாண்டைக் கடந்த சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

எண்களைத் தொடுவதற்கு முன் எஞ்சினின் உடல்நலத்தைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன், எரிபொருள் அழுத்தம், வேக்குவம் கசிவு ஆகியவற்றைச் சோதித்தபின், டைமிங் லைட்டைப் பிடித்து, ஸ்பார்க் நேரமாக (டைமிங்) மடிக்கணினித் திரையில் ஈசியு காட்டும் டிகிரியும் கிராங்க் புல்லியில் தெரியும் டிகிரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. இவ்விரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பின்னர் செய்யும் ஸ்பார்க் வேலை முழுவதும் வீணாகும். எக்ஸாஸ்ட் கசிவையும் இப்போதே தேட வேண்டும். ஒருமுறை ஐடிலிங் எரிபொருள் குறைவாக இருக்கிறதென்று இரண்டு மாலைப்பொழுதுகள் எண்களைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் எக்ஸாஸ்டிலுள்ள ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டது தெரிந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை, நான்தான் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

தொழிற்சாலையில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார், கலவை 14.7-க்கு 1 என்ற விகிதத்துக்கு இப்புறமா அப்புறமா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லாது. ஆகவே அவ்விலகலையும் அளந்து காட்டும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம் தேவை. டியூன் செய்யும் வேளையில் ஈசியுவின் தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருப்போம்.

இனி இன்ஜெக்டர். முதலில் கொள்ளளவு எண்ணை, அது எந்த அழுத்தத்தில் அளக்கப்பட்டது என்பதோடு சேர்த்துப் பதிய வேண்டும். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்வதால், 3 பாரில் அளந்த இன்ஜெக்டரை 4 பாரில் ஓட்டினால் சுமார் 15 விழுக்காடு கூடுதலாகப் பாயும். இதைவிட அதிகம் ஏமாற்றுவது டெட் டைம், அதாவது மின்சாரம் கிடைத்த கணத்திலிருந்து ஊசி உண்மையில் திறக்கும் வரையிலான தாமதம். மின்னழுத்தம் குறையக் குறைய இது நீளும். எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 260 சிசி இன்ஜெக்டரை எடுத்துவிட்டு 440 சிசி பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் முன்பு 1.5 மில்லிவினாடி பாய்ந்த இடத்தில் இப்போது 0.9 மில்லிவினாடியே போதும். டெட் டைம் 0.2 மில்லிவினாடி தவறாகப் பதிவாகியிருந்தால் ஐடிலிங்கில் பிழை 22 விழுக்காடு; ஆனால் 10 மில்லிவினாடி பாயும் முழுச் சுமையில் அதே பிழை வெறும் 2 விழுக்காடுதான். ஐடிலிங் மட்டும் கெட்டு மேலே எல்லாம் சரியாக இருக்கிற வண்டிகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்புகிறது என்று ஒவ்வொரு சுழற்சிக்கும் சுமைக்கும் சொல்லும் விஇ அட்டவணையின் அடிமூலையைக் குடைகிறார்கள். சோதிப்பது எளிது: நிமிடத்துக்கு 2,000 சுழற்சியில் நிறுத்திவைத்து, முகப்பு விளக்கையும் ப்ளோவரையும் போட்டு மின்னழுத்தத்தை இறக்கும்போது லாம்டா (காற்று-எரிபொருள் விகிதத்தை 14.7-ஆல் வகுத்த எண்) நகர்ந்தால், டெட் டைம் அட்டவணையின் சாய்வு சரியில்லை.

இதற்குப் பிறகே விஇ அட்டவணை. வண்டியை நின்ற இடத்திலேயே சுமையோடு ஓட்டி அளக்கும் டைனோவில் ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் சுழற்சியையும் சுமையையும் அசையாமல் பிடித்து, அளந்த லாம்டாவை விரும்பும் லாம்டாவால் வகுத்து, வரும் எண்ணால் அக்கட்டத்தைப் பெருக்க வேண்டும். விரும்புவது 1.00 ஆக இருந்து அளந்தது 1.06 ஆனால், அக்கட்டம் 6 விழுக்காடு உயர வேண்டும். பக்கத்துக் கட்டங்களோடு மேடுபள்ளமாக நிற்கும் எண்ணை நம்பாமல் மீண்டும் அளக்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினின் முழுச் சுமைக்கு 0.86 முதல் 0.88 வரையிலான லாம்டா பாதுகாப்பான தொடக்கம். இன்ஜெக்டர் ட்யூட்டி, அதாவது அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு, 85 விழுக்காட்டைத் தாண்டினால் எண்களால் ஆவது ஒன்றுமில்லை, இன்ஜெக்டர்தான் போதவில்லை. விரைவுச்சாலையின் உச்சவரம்பே 90 கிலோமீட்டராக இருக்கும் ஊரில் முழுச் சுமையைச் சாலையில் சோதிப்பது சட்டத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாது. டைனோ வாடகையைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பெரிய கேம்ஷாஃப்டின் ஐடிலிங் மட்டும் இந்த வகுத்தல் கணக்குக்கு அடங்காது. இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் நீள்வதால் எரியாத ஆக்சிஜன் எக்ஸாஸ்டில் நழுவி, கலவை சரியாக இருந்தாலும் சென்சார் எரிபொருள் குறைவு என்றே காட்டும். அங்கே லாம்டாவைத் துரத்தாமல், மேனிஃபோல்டு வேக்குவம் எந்த இடத்தில் உச்சமாகவும் நிலையாகவும் நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

ஸ்பார்க் கடைசியாக வரட்டும். அடக்கமான டைமிங்கில் தொடங்கி, ஒரு டிகிரி வீதம் முன்னேற்றி, டார்க் (முறுக்குவிசை) உயர்வது நின்ற இடத்தில் நாமும் நிற்க வேண்டும். அதற்கு முன்பே நாக் எனும் கட்டுக்கடங்காத எரிதலின் தட்டும் ஒலி கேட்டால் 2 டிகிரி பின்வாங்க வேண்டும். இங்கே 92, 95, 98 ஆக்டேன் கிடைக்கின்றன. உரிமையாளர் அன்றாடம் எதை ஊற்றுவாரோ அதில்தான் டியூன் செய்ய வேண்டும். 98-இல் டியூன் செய்து 95-இல் ஓட்டுவது பிஸ்டனை அடகு வைப்பதற்குச் சமம். ஜோகூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டிகளுக்கு அங்கே 95 விற்கக் கூடாது என்பதால் 97-தான் நிரப்ப நேரும்.

குளிர்நிலைத் தொடக்கம் நமக்குச் சிறிய வேலை. விடியற்காலையிலும் எஞ்சின் 25 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் என்பதால், அதற்குக் கீழுள்ள எண்களைத் தொடாமல் விட்டுவிடலாம்.

நம்மூரில் நிஜமான தலைவலி சூட்டுநிலைத் தொடக்கம். காக்கி புக்கிட்டில் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நண்பகலில் இருபது நிமிடம் நின்ற வண்டியில், உள்காற்றுச் சென்சார் எஞ்சின் சூட்டில் ஊறி 65 டிகிரி காட்டும். ஓடத் தொடங்கியதும் உள்ளே பாயும் காற்றோ 35 டிகிரியில்தான் இருக்கும். காற்று லேசாகிவிட்டது என்று ஈசியு எண்ணி எரிபொருளைச் சுமார் 9 விழுக்காடு குறைப்பதால் வண்டி முதல் சிக்னலிலேயே இருமும். இதற்கு விஇ அட்டவணையைத் தொடாதீர்கள். சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கம் நகர்த்துங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் குறைந்த காற்றோட்டத்தில் உள்காற்று வெப்பத் திருத்தத்தின் செல்வாக்கைக் குறைத்துவிட்டு, அடுத்த நாள் நண்பகலில் அதே இடத்தில் அதே இருபது நிமிடம் நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பாருங்கள்.